ஒரு நடைத் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்தில் ஒரு நாள், திருவண்ணாமலை. அன்றைக்குக் கோயிலுக்கு வந்தவர்கள் நாங்கள் நான்கு பேர்: என் அம்மா, அக்கா, அக்காவின் மூன்று வயது மகன், நான். வராதவர்கள் இரண்டு பேர். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் ஒன்றரை ஏக்கரில் மறுநாள் கடலை பிடுங்க ஆள் சொல்லியிருந்தது. கரண்ட் வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் விட்டு நிலத்தை இளக்கி வைக்க வேண்டும் என்பதால் அப்பா வரவில்லை. அக்காவின் கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, லீவு தரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

வந்த நான்கு பேரும் நான்கு பேராகவே வீடு திரும்பினோம். அப்படித் திரும்பாமல் போயிருக்க வேண்டியது. அதற்குக் காரணம் நான்தான் என்பதால் நானே எழுதுகிறேன்.

அக்கா மகனுக்கு அன்று முதல் மொட்டை, காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் இரண்டும் நடக்கும். மொட்டை போட்டதும் உடுத்தும் புதுத்துணியும் மாமன் சீர். போதாததற்கு, பிள்ளை பிறந்தபோது மூச்சுத் திணறி இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்ததால், "என் தம்பி தோள்ல தூக்கிக்கினு மலைய சுத்தி வருவான்" என்று அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள்.

நாள் குறித்தது அம்மா. "கத்திரி பொறந்துட்டா கொழந்தைக்கு ஆவாது. அதுக்கு முன்னாடி முடிச்சிடணும்" என்றாள். காலண்டரைப் பார்த்தோம். கத்திரி வெயில் தொடங்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாள் இருக்கிறது என்றால் வெயிலும் ஒன்பது நாள் தள்ளி நிற்கும் என்று வீட்டில் எல்லோருமே உண்மையாக நம்பினோம். நம்பியது நாங்கள் மட்டுமில்லை. அன்று மொட்டை போடும் இடத்தில் வரிசை தெருவரைக்கும் நின்றது. சுற்றுப்பட்டு ஊர்க் குழந்தைகள் எல்லாம் கத்திரிக்கு முந்திக்கொண்டு வந்திருந்தன.

இப்போது அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வரைக்கும் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் ஒப்பந்த வேலை கிடைத்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. சொந்தச் சம்பளத்தில் செய்யும் முதல் சீர். சாதாரண சட்டை டவுசர் எடுக்க மனம் வருமா? பெரிய துணிக்கடையாகப் பார்த்து ஏறினேன். மெரூன் கலரில் வெல்வெட் கோட்டு, அதற்குள் ஒரு கையில்லாத கோட்டு, அதற்குள் முழுக்கைச் சட்டை, பேண்ட், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு சின்ன போ டை, கூடவே அதே வெல்வெட்டில் ஒரு தொப்பி. "கல்யாண மாப்பிள்ள மாதிரி இருப்பான் சார்" என்றார் கடைக்காரர். சார் என்றது பிடித்துப்போய் பேரம்கூடச் சரியாகப் பேசவில்லை. இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.

காலை ஏழு மணிக்கு முடிய வேண்டிய மொட்டை ஒன்பதரைக்கு முடிந்தது. அதற்குப் பிறகு காதுகுத்து. ஆசாரி ஊசியை எடுத்தபோது பையன் என் வேட்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற குழந்தைகளும் சேர்ந்து அழுதன. தலையில் சந்தனம் பூசி, கோட்டும் சூட்டும் போட்டு, தொப்பி வைத்து நிறுத்தியதும், முன்பின் தெரியாதவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தரிசனம் முடித்து வெளியே வந்தபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது.

"கோட்ட கழட்டுடா. கொழந்தைக்கு வேக்குது பாரு" என்றாள் அம்மா.

"இரும்மா. பன்னெண்டு மணிக்கு மாமா வீடியோ கால்ல வருவாரு. மல பின்னாடி தெரியற மாதிரி, இவன் என் தோள்ல உக்காந்துனு இருக்கணும். அவரு நேர்லதான் பாக்கல, இதையாவது பாக்கட்டுமே."

"அப்போ நடைய சாயங்காலம் வச்சிக்கலாம். வெயில் தாழட்டும்" என்றாள் அக்கா.

"சாயங்காலம் கௌம்புனா நைட்டு ஆயிடும்க்கா. காலைல கடல புடுங்க வர்ற ஆளுங்களுக்கு அம்மாதான சோறு ஆக்கணும்? இப்ப நடந்தா மூணு, மூணரைக்கு முடிச்சிட்டு பஸ் ஏறிடலாம். கத்திரிதான் இன்னும் பொறக்கலயே."

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா அம்மாவைப் பார்த்தாள். "படிச்ச புள்ள, அவனுக்குத் தெரியாததா" என்று அம்மா சொன்னாள். இதை அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அவள் நிஜமாக நம்பித்தான் சொன்னாள். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

இன்னும் ஒன்று செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பையன் தண்ணீர் கேட்டான். அக்கா பாட்டிலைத் திறந்தாள். "ஜாஸ்தி குடுக்காதக்கா. ஒண்ணுக்குப் போயிடுவான், பேண்ட்டு நனைஞ்சிடும். கொஞ்சம் நாக்க மட்டும் நனைச்சி வுடு" என்றேன். அக்கா இரண்டு மூடி அளவு கொடுத்துவிட்டு பாட்டிலை மூடினாள். போனில் வெயில் எவ்வளவு என்று பார்த்தேன். நாற்பதைத் தாண்டிக் காட்டியது. "கத்திரிக்கே சவால் வுடுது எங்க ஊரு" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டு ஸ்டேட்டஸ் வைத்தேன். இதைத்தான் அன்று படித்த பிள்ளை செய்தான்.

கிரிவலப் பாதையில் நடக்கத் தொடங்கினோம். வெறுங்கால். தார் ரோடு காலைப் பிடித்து இழுத்தது. ஓரத்தில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த இடத்தில் கொஞ்சம் சூடு கம்மி, அதில் ஒற்றை வரிசையாகப் போனோம். தோளில் இருந்தவன் முதலில் அழுதான், அப்புறம் சிணுங்கினான்.

"மாமா, சுடுது."

"தோ, வேகமா போறேன் பாரு. மாமா குதிர."

கொஞ்ச தூரம் போனதும் குனிந்து என் காதுக்குள் கேட்டான். "உனுக்குக் காலு சுடுதா மாமா?"

"மாமாவுக்குச் சுடாதுடா."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. என் தலைமேல் அவன் கன்னம் சாய்ந்தது. மேலும் கீழும் நழுவ ஆரம்பித்ததால் இறக்கி, மார்போடு அணைத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். "தூங்கிட்டான்" என்றேன். அக்காவும் "அப்பாடா" என்றாள். அழுகை நின்றதில் எல்லோருக்கும் நிம்மதி.

எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. நடப்பவர்களின் கால் வெந்துவிடக் கூடாதென்று ரோட்டை நனைத்துக்கொண்டு போகிற லாரி. பின்னால் ஓட்டை போட்ட நீளக் குழாய் ஒன்றிலிருந்து தண்ணீர் சல்லடையாகக் கொட்டியது. அது நனைத்த இடத்தில் கால் வைத்தால் சொர்க்கம். நாங்களும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் அதன் பின்னாலேயே குஞ்சுகள் மாதிரி போனோம். யார் மீதாவது தண்ணீர் அடித்துவிடப் போகிறது, யாராவது வழுக்கி விழப் போகிறார்கள் என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

லாரி சட்டென்று நின்றது.

"ஏய், மெரூன் கோட்டு! கொழந்த கைய பாருய்யா!"

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் கத்தியது எங்களைப் பார்த்து என்றே எனக்கு முதலில் புரியவில்லை. "தூங்குறான்ணா" என்றேன்.

"தூங்குற கொழந்த கை இப்டியா வெட்டி வெட்டி இழுக்கும்? நில்லு!"

குதித்து இறங்கி ஓடி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டை, கழுத்தில் ஈரத் துண்டு. பையனின் பிடரியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்துவிட்டார், சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல. என் கையிலிருந்து அவனைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டோரப் புங்க மரத்தடிக்கு ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். பையன் கண் பாதி திறந்து, உள்ளே வெள்ளை மட்டும் தெரிந்தது. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. வியர்வையே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. அத்தனை வெல்வெட்டுக்குள் இருந்தவன் உடம்பு எலும்பு வரைக்கும் காய்ந்தாற்போல் இருந்தது.

கோட்டுக்கு வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தான்கள். அவர் விரல் தடித்த விரல், பித்தான் பிடிபடவில்லை. லாரிக்கு ஓடி, டியூப் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தார். வெல்வெட்டைக் கழுத்தடியில் பிடித்து இழுத்தார்.

அப்போது என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. "மெதுவாண்ணா... புதுசு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கோட்ட வேணா மடிச்சி உன் கையில குடுக்கறேன். கொழந்தைய வுட்டுடவா?"

மூன்று அடுக்கும் ஒரே இழுப்பில் கிழிந்தன. பேண்ட்டையும் உருவிப் போட்டார். தொப்பியை எடுத்தபோது மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. லாரி கேபின் ஓரத்தில் ஈரக் கோணி சுற்றிய தண்ணீர்க் கேன் ஒன்று தொங்கியது; டிரைவர்கள் தண்ணீர் சில்லென்று இருக்க அப்படிக் கட்டிவைப்பார்கள். அந்தக் கோணியை அவிழ்த்துத் தரையில் விரித்து அவனைப் படுக்கவைத்தார். கழுத்துத் துண்டைக் கேன் தண்ணீரில் முக்கி இரண்டாகக் கிழித்து அக்குளில் ஒன்று, தொடை இடுக்கில் ஒன்று வைத்தார். பிறகு என்னிடம் ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தள்ளினார்.

"குழாயில புடிச்சிக்கினு வா. மொதல்ல வர்றது கொதிக்கும், அத ரோட்டுல வுடு. கையில ஊத்திப் பாத்துட்டு அப்புறமா புடி."

நான் ஓடினேன். தண்ணீர் முதலில் கையைச் சுட்டது. பிறகு வெதுவெதுப்பாகி, பிறகு பரவாயில்லை என்று ஆனது. கொண்டுவந்து ஊற்றினோம். ஒரு நாளைக்கு எத்தனை நடை தண்ணீர் ஏற்றி வந்து ஊற்றினார் என்று கணக்கு எழுதும் அட்டையை அவர் எடுத்து என் கையில் கொடுத்து விசிறச் சொன்னார். நான் விசிற, அக்கா ஊற்ற, அவர் அவன் கைகால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "எல்லார் கண்ணும் பட்டுடுச்சே! ராசா மாதிரி நின்னானே!"

"கண்ணு இல்லம்மா, வெயில் பட்டுடுச்சி" என்றார் அவர், தலை நிமிராமல்.

அம்மா பாட்டிலைத் திறந்து பையனின் வாயில் ஊற்றப் போனாள். அவர் கையைத் தடுத்தார். "மயக்கத்துல இருக்கறப்ப வாய்ல ஊத்தாதம்மா, பொரை ஏறிடும். முழிக்கட்டும், அப்புறம் குடம் குடமா குடிப்பான்." எனக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை.

நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் போன் அடித்தது. வீடியோ கால். மணி பன்னிரண்டேகால். திரையில் அக்காவின் கணவர் பெயர் எரிந்து எரிந்து அணைந்தது. யாரும் எடுக்கவில்லை. அது நின்றது. மறுபடி அடித்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. பையன் முனகினான். பூனைக்குட்டி சத்தம் போல ஒன்று. அக்கா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காத்துனு இருக்க வேணாம். ஏறுங்க" என்றார் அவர்.

கேபினில் நான் நடுவில், என் மடியில் ஈரக் கோணியோடு பையன். அம்மாவும் அக்காவும் ஜன்னல் பக்கம் ஒட்டிக்கொண்டார்கள். காலையில் மொட்டைக்கு உட்கார்ந்த அதே மடிதான். லாரி நகர்ந்தது, ஆனால் வேகம் எடுக்கவில்லை. டேங்க் முக்கால் நிறைய இருந்தது. அவர் ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார். நிறுத்தி, இறங்கிப் போய், பின்னால் இருந்த பெரிய வால்வை முழுசாகத் திறந்துவிட்டு வந்தார். வண்டி ஓட ஓட, சல்லடைக் குழாயோடு அந்தப் பெரிய வாயும் சேர்ந்து மதகு உடைந்தாற்போல் ரோட்டில் கொட்டியது.

சித்திரை மாதத்தில் ஒரு குடம் தண்ணீருக்கு நிற்கிற வரிசை எனக்குத் தெரியும். "அண்ணா, தண்ணி அவ்ளோவும் போவுதேண்ணா" என்றேன்.

"ரோட்டுக்கு ஊத்தத்தான எடுத்தாந்தேன். ரோட்டுக்கே போவுது" என்றார். "நீ விசுறு."

கண்ணாடியில் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ரோடு முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நடந்து வந்தவர்கள் அதில் காலை அளைந்துகொண்டு நின்றார்கள். ஒரு பெண் தன் குழந்தையை இறக்கி நிற்கவைத்தாள். லாரி இலேசாகிக்கொண்டே வந்தது, வேகம் எடுத்தது. ஹாரனிலிருந்து கையை எடுக்காமலேயே அரசு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டினார். உள்ளே தூக்கிக்கொண்டு ஓடியதும் அவர்தான். பின்னால் நாங்கள் வந்து சேர்வதற்குள் பையன் ஒரு கட்டிலில் இருந்தான், இரண்டு நர்ஸ்கள் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் ஒரு பெண், என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். ஊசி போட நரம்பு தேடிக்கொண்டே கேட்டார். "கடைசியா எப்ப தண்ணி குடிச்சான்? ஒண்ணுக்கு எப்ப போனான்?"

"இப்பதாம்மா, நல்லா குடிச்சான்" என்று அம்மா முந்திக்கொண்டாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அது எனக்குப் புரிந்தது.

"இல்லீங்க டாக்டர்" என்றேன். "காலைலேர்ந்து ரெண்டு மூடி தண்ணிதான். நான்தான் குடுக்க வேணாம்னு சொன்னேன். பேண்ட்டு நனைஞ்சிடும்னு. காலைல ஆறு மணிக்கு ஒண்ணுக்குப் போனான். அதோட சரி."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "உண்மைய சொன்னீங்க, நல்லது. எவ்ளோ தண்ணி ஏத்தணும்னு இப்ப தெரியும்" என்றார். பிறகு சொன்னார்: "இவன் ஒண்ணுக்குப் போற வரைக்கும் நான் எதையும் உறுதியா சொல்ல முடியாது. அதுதான் கிட்னி வேல செய்யுதுன்றதுக்கு அடையாளம். பாத்துக்கினே இருங்க."

எதை வர விடக்கூடாது என்று காலையில் தண்ணீரை நிறுத்தினேனோ, அது வர வேண்டும் என்று மதியம் முழுக்க ஒரு குடும்பமே காத்திருந்தது. மணி ஒன்று ஆனது. இரண்டு ஆனது. பாட்டிலில் இருந்து சொட்டு இறங்குவதைப் பார்ப்பேன், பிறகு அவனுக்கு அடியில் விரித்த துணியைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்தே இருந்தது. சூடு இறங்கிக்கொண்டிருந்தது, நடுநடுவே கண்ணைத் திறந்து தன் அம்மாவைத் தேடினான், ஆனால் துணி காய்ந்தே இருந்தது. அக்கா ஒருமுறைகூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் முதுகில் கையை வைத்து, "நீயும் கொஞ்சம் தண்ணி குடிடா, உன் மொகமும் வாடிப் போச்சி" என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டே முக்கால் இருக்கும். அவனைக் கொஞ்சம் நிமிர்த்தி உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். நான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான்காவது வாய் குடிக்கும்போது என் வேட்டி சூடாக நனைந்தது.

"போயிட்டான்! டாக்டர், போயிட்டான்!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளையின் அம்மா ஒருத்தி, என்ன ஆகிவிட்டதோ என்று பதறி எழுந்து, விஷயம் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் வந்து என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "சூப்பர். தொவைக்காம வச்சிக்கோங்க" என்றார். அம்மா அந்த ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதை எழுதினால் படிப்பவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் நடந்தது அதுதான்.

"கத்திரி இன்னும் பொறக்கலயேன்னு நெனச்சோம் டாக்டர்" என்றாள் அம்மா, மன்னிப்புக் கேட்பதுபோல.

"வெயில் இப்பல்லாம் காலண்டர் பாத்து வர்றதில்லம்மா. நாமதான் இன்னும் காலண்டர் பாத்துக்கினு இருக்கோம்" என்றார் டாக்டர். சின்னக் குழந்தையின் உடம்பு நம்மைவிடச் சீக்கிரம் சூடேறிவிடும், தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. அதனால் கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுக்க வேண்டும், உச்சி வெயிலில் வெளியே எடுக்கக் கூடாது, காற்றுப் புகும் பருத்தித் துணியாக இருக்கட்டும் என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரி நின்று நிதானமாகச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

அப்போதுதான் டிரைவர் நினைவு வந்து வெளியே ஓடினேன். லாரி இல்லை. பையனை ஒப்படைத்த கையோடு போய்விட்டார் என்று வாசலில் இருந்தவர் சொன்னார். பெயர்கூடக் கேட்கவில்லை.

பையன் உடம்பில் ஒரு துணியில்லை. எதிரே தள்ளுவண்டியில் ஒரு பருத்தி பனியன் வாங்கினேன், ஒரு அளவு பெரியது. சாயங்காலம் அக்காவின் கணவர் மறுபடி வீடியோ காலில் வந்தார். அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "அவனக் காட்டு" என்றார். முட்டிக்கால் வரை தொங்கும் பனியனோடு, மொட்டைத் தலையோடு, ஆரஞ்சுப் பழம் தின்றுகொண்டிருந்தவனைக் காட்டினோம். "கோட்டு சூட்டுல பெரிய ஆபீசர் வருவாருன்னு பாத்தா, பனியன் போட்ட பயில்வான் வந்துக்கீறாரு" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் இரவு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் டிரைவரைத் தேடிப் போனேன். லாரிகள் தண்ணீர் பிடிக்கும் இடம் இரண்டு மூன்றுதான். இரண்டாவது இடத்திலேயே கிடைத்தார். டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது: "ஒண்ணுக்குப் போனானா?"

அவருக்கு அது தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்டேன். போன வருடம் அதே பாதையில் விழுந்தவர்களை ஆம்புலன்ஸ்காரர்கள் எடுத்துப் போனபோது பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். "வேடிக்கதான் பாத்தேன். வேடிக்கயும் சில நேரத்துக்கு ஒதவுது" என்றார். முன்பெல்லாம் கத்திரி பிறந்தால்தான் ரோட்டுக்குத் தண்ணீர் ஊற்றக் கூப்பிடுவார்களாம். இப்போது பங்குனியிலேயே கூப்பிடுகிறார்கள். "வண்டியும் ஜாஸ்தி, பொகையும் ஜாஸ்தி, மரம்தான் கம்மி. சூடு ஏறாம என்னா பண்ணும்?" அன்று ஒரு நடைத் தண்ணீரை ஒரே ஓட்டத்தில் கொட்டிவிட்டதற்கு மேஸ்திரி கேள்வி கேட்டிருக்கிறார். "கொழந்தைக்கு ஊத்துனேன்னு சொன்னேன். அவ்ளோ பெரிய கொழந்தையான்னு கேட்டான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

நான் கொண்டுபோன கவரை நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு முறை நீட்டினேன். "அத எடுத்து உள்ள வை. படிச்ச ஆளுதான நீ? எனக்கு ஒண்ணு எழுதிக் குடு" என்றார். லாரியின் பின்பக்கம் எழுத வேண்டுமாம். தன் எழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும் என்றார். பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் அவரே வாங்கி வைத்திருந்தார்.

எனக்குத் தெரிந்த நல்ல தமிழில் யோசித்து, "கடும் வெப்பத்திலிருந்து குழந்தைகளின் உடல்நலம் காப்பீர்" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். படித்துப் பார்த்தார்.

"இத யாரு படிப்பா? அவன் கால் சுட்டுக்கினு ஓடிக்கினு இருப்பான். நிக்காம படிக்கற மாதிரி எழுது."

கடைசியில் அவர் சொல்ல, நான் எழுதினேன். வெள்ளைப் பெயிண்டில், குழாய்க்கு மேலே, பெரிய எழுத்தில்: "தோளில் பிள்ளை தூங்குதா? தொட்டுப் பாரு. தண்ணி குடு."

பதினேழு வருடம் படித்தவன் எழுதியதில் உருப்படியானது அந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன். போன சித்திரையில் அந்த லாரிக்குப் பின்னால் நடந்த ஓர் ஆள், எழுத்தைப் படித்துவிட்டுத் தோளில் இருந்த குழந்தையை இறக்கித் தண்ணீர் கொடுத்ததை நானே பார்த்தேன். அக்கா மகனுக்கு இப்போது ஐந்து வயது. பாக்கியிருந்த வேண்டுதலை மார்கழி விடியற்காலையில் முடித்தோம். வெயில் வந்துவிட்டால் பத்து மணிக்கு மேல் அவனை வெளியே விடுவதில்லை. கத்திரி பிறந்திருக்கிறதா என்று காலண்டரைப் பார்ப்பதும் இல்லை. வாசலில் காலை வைத்துப் பார்க்கிறோம்.

ஆஸ்பத்திரியில் எங்களிடம் காசு வாங்கவில்லை. லாரி டிரைவரும் வாங்கவில்லை. கத்தியால் கிழித்த இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க் கோட்டை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, அது என் பெருமைக்குக் கொடுத்த விலை. எங்கள் பிள்ளை எங்களுக்குத் திரும்பக் கிடைத்ததற்கு அந்த நாளில் எங்கள் குடும்பத்துக்கு ஆன செலவு, தள்ளுவண்டியில் வாங்கிய அந்தப் பருத்தி பனியன் மட்டும்தான்: எண்பது ரூபாய்.